செத்துக் கிடப்பதில் இரண்டு வகை

தை மாதம், மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு காலை. மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வளவு விறகுக் கொட்டிலில், உக்கிப்போன மாமரக் கட்டை ஒன்றின்மேல் மஞ்சளாக ஏதோ படர்ந்திருந்தது. முட்டை மஞ்சட்கருவை ஊற்றி விசிறிபோல ஒரு பக்கமாக இழுத்துவிட்ட மாதிரி. மாமிதான் முதலில் கண்டார். பூனை கக்கி வைத்திருக்கிறது என்று சாம்பல் அள்ளப் போனவரை நான் மறித்தேன். அடுத்த நாள் பார்த்தால் அது ஒரு சாண் தள்ளிப் போயிருந்தது. "பூனை கக்கினது நடக்குமா மாமி?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு விறகு எடுக்க என்னைத்தான் அனுப்பினார்.

அதே கிழமை, கனடாவில் ஸ்காபுரோவில் இருக்கிற மருமகள் வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பினாள். பின் முற்றத்துக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், பூனையளவான சாம்பல் நிறப் பிராணி ஒன்று சரிந்து கிடக்கிறது. வாய் திறந்தபடி, எச்சில் வடிகிறது. வெறுமையான நீள வால். காது விளிம்பு கருகித் தேய்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டு நாய் குரைக்கிற சத்தம் பின்னால் கேட்கிறது. "மாமா, இது என்ன பெரிய எலி? செத்திட்டுது போல. ஆருக்கு அறிவிக்கிறது?" என்று கீழே எழுதியிருந்தாள். ஒருவருக்கும் அறிவிக்க வேண்டாம், கதவைப் பூட்டிவிட்டுப் படு என்று பதில் போட்டேன். விடிய அவள் எழும்பிப் பார்க்க, அந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

பங்குனி வெயில் வந்ததும் இங்கே கட்டையிலிருந்த மஞ்சளும் காய்ந்து, பொரிந்த வண்ணப்பூச்சு மாதிரி ஒரு பொருக்காகிப் போனது. "செத்துப்போச்சு" என்றார் மாமி. விளக்குமாற்றால் கூட்டி எறிந்தும் விட்டார். அதற்குள் நான் ஒரு துண்டைச் சுரண்டி, கடித உறையில் போட்டு அலுமாரியில் வைத்திருந்தேன்.

உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவன் என்பதால் குடும்ப வாட்ஸப் குழுவில் இப்படியான கேள்விகள் என் தலையில்தான் விழும். இரண்டு கதையையும் கேட்ட சின்ன மருமகன் ஒருவன், "மாமா, இரண்டிலும் எது புத்தி கூடினது?" என்று கேட்டுவிட்டான். இணையத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்களாம்: மூளையே இல்லாத அந்த மஞ்சள் சளி புதிர்ப்பாதையில் வழி கண்டுபிடிக்கிறது, மூளை உள்ள அந்த விலங்கோ பயந்து விழுந்து கிடக்கிறது என்று. கேட்க ருசியான ஒப்பீடுதான். ஆனால் இரண்டு உயிருக்கும் அது நியாயம் செய்யவில்லை. புத்தியை விட்டுவிட்டு, இரண்டும் எப்படிச் 'செத்துக் கிடக்கின்றன' என்று பார்த்தால் விஷயம் இன்னும் நன்றாக விளங்கும் என்பது என் எண்ணம்.

முதலில் ஆளை அடையாளம் காண்போம். கனடாக்காரர் வேர்ஜினியா ஒப்பொசம். விஞ்ஞானப் பெயர் டிடெல்பிஸ் வேர்ஜினியானா. கங்காருவைப்போல வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் முலையூட்டி. மெக்சிக்கோவுக்கு வடக்கே இயற்கையாக வாழ்கிற ஒரே பை விலங்கு இதுதான். அமெரிக்காவின் தென்கிழக்கிலிருந்து மெல்ல மெல்ல வடக்கே ஏறி, இப்போது ஒன்ராறியோவின் தெற்குப் பகுதிவரை வந்துவிட்டது. குளிருக்கென்று செய்யப்பட்ட உடம்பு இல்லை. மயிரில்லாத காதும் வாலும் பனியில் கருகிப் போகும். வீடியோவில் காது தேய்ந்திருந்ததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். குளிர்காலம் முழுக்க உறங்குகிற வழக்கமும் இதற்குக் கிடையாது. கொஞ்சம் இளஞ்சூடான இரவு வந்தால் குப்பைத் தொட்டியைத் தேடி வெளிக்கிடும்.

மஞ்சள்காரர் சளிப்பூஞ்சணம். எங்கள் கட்டையில் இருந்தது இன்ன இனம் என்று வெறுங்கண்ணால் சொல்ல முடியாது. மஞ்சளாகப் படர்கிற இனங்கள் பல உண்டு, வித்தி, அதாவது விதைபோலப் பரவும் நுண்துகள், தாங்கும் காய்கள் வந்தபிறகுதான் பெயர் வைக்கலாம். ஆனால் ஆய்வுகூடங்களில் ராசாவாக இருப்பது பைசாரம் பொலிசெபலம் என்ற ஓர் இனம். 'பல தலை உள்ளது' என்று பொருள். இந்தக் கட்டுரையில் நான் சளிப்பூஞ்சணம் என்று சொல்கிற இடங்களில் ஆய்வு முடிவெல்லாம் அந்தப் பல தலைக்காரருடையது.

பெயரில் பூஞ்சணம் இருக்கிறது, உக்கல் மரத்தில் இருக்கிறது, வித்தி விடுகிறது. அதனால் பழைய ஆட்கள் இதைப் பங்கசு இராச்சியத்தில், அதாவது காளான் கூட்டத்தில், போட்டார்கள். பிழை. பங்கசு தன் நொதியங்களை வெளியே விட்டு, கரைந்ததை உறிஞ்சுகிறது. இதுவோ பற்றீரியாவையும் பங்கசையும் அப்படியே சுற்றி வளைத்து விழுங்குகிறது. காளானையே தின்னும். வீட்டில் காளான் வளர்க்கிறவர்களின் கொட்டிலுக்குள் சில வேளை புகுந்து தொல்லை கொடுப்பதும் இந்தக் கூட்டம்தான். மரபணுக்களை வைத்துப் பார்த்ததில் இதன் இடம் அமீபாக்களின் பக்கம் என்று உறுதியாகிவிட்டது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. விலங்குகளும் பங்கசுகளும் ஒரே கிளையிலிருந்து பிரிந்தவை. அமீபாக்களின் கிளை அதற்கு முன்பே, நூறு கோடி வருடங்களுக்கும் அப்பால், தனியாகப் போய்விட்டது. ஆகவே உறவுமுறை பார்த்தால் ஒப்பொசத்துக்குக் காளான்தான் கிட்டின சொந்தம். சளிப்பூஞ்சணம் இரண்டு பேருக்குமே தூரத்து ஆள். மாமியிடம் இதைச் சொன்னேன். "அப்ப காளான் கறி வைக்கேலாதா?" என்று கேட்டார்.

இனி அந்த மஞ்சள் உடம்பு. கையகலம் இருந்ததே, அது முழுவதும் ஒரே கலம். எங்கள் உடம்பில் கலங்கள் கோடிக்கணக்கில் சுவர் வைத்த அறைகளாக இருக்கின்றன. இங்கே அறை பிரிப்பே இல்லை. ஒரே மண்டபம், அதற்குள் இலட்சக்கணக்கான கருக்கள், அதாவது மரபணுக்களை வைத்திருக்கிற பொட்டலங்கள், மிதக்கின்றன. எட்டுப் பத்து மணித்தியாலத்துக்கு ஒருமுறை அத்தனை கருக்களும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் இரண்டாகப் பிரியும். கலம் மட்டும் பிரியாது. இரண்டாக வெட்டினால் இரண்டு ஆளாகப் போகும். ஒத்துப்போகிற இரண்டைப் பக்கத்தில் வைத்தால் ஒட்டி ஓர் ஆளாகிவிடும். 'ஒருவர்', 'இருவர்' என்று நாங்கள் எண்ணுகிற கணக்கு இதனிடம் செல்லாது.

நுணுக்குக்காட்டியில் பார்த்தால் நரம்புபோன்ற குழாய்களில் திரவம் ஓடுவது தெரியும். ஒரு செக்கனுக்கு ஒரு மில்லிமீற்றர் வரை வேகம். ஒன்றிரண்டு நிமிடம் ஒரு திசையில் ஓடும், நிற்கும், மறுபடி எதிர்த்திசையில் ஓடும். குழாய்ச் சுவர் சுருங்கி விரிவதால் வருகிற ஓட்டம் இது. முன்னே போவது பின்னே வருவதைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால் உடம்பு முழுவதும் அந்தப் பக்கம் நகரும். மணிக்கு ஒரு சென்ரிமீற்றர் சாதாரணம். ஒரு நாளில் ஒரு சாண் போனதில் அதிசயமில்லை.

இந்தக் குழாய்களின் விதி ஒன்றே ஒன்று. கூட ஓடுகிற குழாய் தடிக்கும், குறைய ஓடுகிற குழாய் மெலிந்து இல்லாமல் போகும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் செய்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தண்ணீர் பாய்கிற வாய்க்கால் தன்னைத் தானே அரித்து ஆழப்படுத்திக்கொள்ளும். பாயாத வாய்க்கால் புல் முளைத்துத் தூர்ந்துபோகும். வித்தியாசம் என்னவென்றால் எங்கள் வாய்க்காலுக்கு ஒரு வட்டவிதானை வேண்டும். எந்த வக்கடையை எப்போது திறப்பது, எதைக் கட்டுவது என்று அவர் சொல்ல வேண்டும். சளிப்பூஞ்சணம் வட்டவிதானை இல்லாத நீர்ப்பாசனம். ஒவ்வோர் இடத்திலும் அந்தந்த இடத்து ஓட்டமே தீர்மானிக்கிறது.

2000ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர் தொஷியுகி நாககாகி தன் குழுவோடு செய்த சோதனை இதைத்தான் உலகத்துக்குக் காட்டியது. ஒரு சின்னப் புதிர்ப்பாதை. தரைக்கு அகர் கூழ். நோன்பு காலத்தில் காத்தான்குடியில் கடற்பாசி என்று காய்ச்சுகிறார்களே, அதே சரக்குத்தான். புதிர்ப்பாதை முழுவதும் சளிப்பூஞ்சணத்தை நிரம்பப் பரவவிட்டு, இரண்டு வாசலிலும் ஓட்ஸ் வைத்தார்கள். இரண்டு வாசலுக்கும் நடுவே நாலு வழி இருந்தது. சில மணி நேரத்தில் முட்டுச்சந்துகளில் இருந்த பகுதி பின்வாங்கியது. பிறகு நீளமான வழிகளில் இருந்த குழாய்கள் மெலிந்து போயின. கடைசியில் ஒரே ஒரு தடித்த குழாய், ஆகக் குறுகிய வழியில், இரண்டு சாப்பாட்டையும் இணைத்துக்கொண்டு மிஞ்சியது. 2010இல் அதே வட்டத்து ஆட்கள் தோக்கியோ நகரத்தையும் சுற்றியுள்ள ஊர்களையும் 36 ஓட்ஸ் துண்டுகளாக வைத்துப் பார்த்தார்கள். மலையும் கடலும் இருக்கிற இடத்துக்கு வெளிச்சம் அடித்தார்கள், ஏனென்றால் சளிப்பூஞ்சணம் வெளிச்சத்துக்கு ஒதுங்கும். ஒரு நாளுக்குச் சற்று மேலே எடுத்து அது போட்ட வலை, பொறியியலாளர்கள் போட்ட ரயில் பாதை வலையோடு சிக்கனத்திலும், ஒரு பாதை அறுந்தாலும் தாக்குப்பிடிப்பதிலும் நிகராக இருந்தது.

எனக்கு ஒரு ஆசை உண்டு. மட்டக்களப்பு, ஏறாவூர், களுவாஞ்சிக்குடி, கொக்கட்டிச்சோலை, கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறை என்று ஓட்ஸ் வைத்து, வாவிக்கு மட்டும் வெளிச்சம் அடித்துப் பார்க்க வேண்டும். வாவி நீளத்துக்குக் கிடக்கிற ஊர் எங்களுடையது. எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குப் போக மண்முனையில் பாலம் வருமுன் 'பாதை' என்று நாங்கள் சொல்கிற மிதவையில் ஏறித்தான் கடந்தோம். குருமண்வெளித் துறையில் பாதை இழுத்த கதைகள் வீட்டுக்கு வீடு உண்டு. சளிப்பூஞ்சணம் வாவியைச் சுற்றிப் போகுமா, துணிந்து குறுக்கே ஒரு குழாய் போடுமா? மட்டக்களப்போடு நின்றுபோன ரயில் பாதையை அது கல்முனைக்கு நீட்டும் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.

சரி, இதைப் 'புத்தி' என்பதா? என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். ஓட்ட விதி ஒன்றே போதும் என்றால் மழைத்தண்ணீரும் பள்ளத்துக்கு வழி கண்டுபிடிக்கிறது, அதையும் புத்தி என்பீர்களா என்று ஒரு கட்சி. ஆனால் மழைத்தண்ணீருக்கு ஞாபகம் கிடையாது. இதற்கு இருக்கிறது. 2008இல் வெளியான ஒரு சோதனையில், சீரான இடைவெளியில் மூன்று தடவை குளிரும் வறட்சியும் கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் அது வேகத்தைக் குறைத்தது. நாலாவது தடவை ஒன்றும் கொடுக்கவில்லை. இருந்தும் அந்த நேரம் வந்தபோது அது வேகத்தைக் குறைத்தது.

பிரான்சின் துலூஸ் நகரில் ஒட்றி துசுத்தூர் என்ற ஆய்வாளரின் குழு 2016இல் இன்னொன்றைக் காட்டியது. சளிப்பூஞ்சணத்துக்கும் அதன் சாப்பாட்டுக்கும் நடுவே அகர் கூழால் ஒரு பாலம். பாலத்தில் கொயினைன் அல்லது கோப்பியில் இருக்கிற கஃபீன் கலந்திருந்தது. தீங்கு செய்யாத அளவுதான், ஆனால் அதற்குப் பிடிக்காது. கொயினைன் கசப்பு எப்படி என்று எங்களில் மூத்தவர்களுக்கு ஓரளவு தெரியும். மலேரியாவுக்குக் குளோரோகுயின் குளிசை விழுங்கி வளர்ந்த தலைமுறை அது. முதல் நாள் சளிப்பூஞ்சணம் தயங்கித் தயங்கி, ஒரு மெல்லிய விரலை மட்டும் நீட்டிப் பாலத்தைக் கடந்தது. ஆறாவது நாள் ஒன்றுமே இல்லாத பாலம்போல நடந்துபோனது. இரண்டு நாள் இடைவெளி கொடுத்துத் திரும்ப வைத்தால் பழைய தயக்கம் வந்துவிட்டது. களைப்பினால் வந்த மாற்றம் இல்லை, பழக்கம். இதைவிட என்னைத் திகைக்க வைத்தது அடுத்த சோதனை. பழகிய ஒன்றைப் பழகாத ஒன்றோடு ஒட்டவைத்து, சில மணி நேரம் கழித்துத் திரும்பப் பிரித்தால், பழகாதது பழகியதுபோல நடந்தது. எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை படித்த பாடம் மற்றதுக்குத் தோளோடு தோள் உரசினால் வந்துவிடும் என்றால் என் தொழில் போய்விடும்.

இப்போது அந்தப் பொருக்குக்கு வருவோம். ஈரம் குறையக் குறைய, சளிப்பூஞ்சணம் தன் ஒரே மண்டபத்தை அவசரமாகச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரிக்கிறது. ஒவ்வோர் அறையிலும் சில கருக்கள், சுற்றிலும் தடித்த சுவர். ஓட்டம் நின்றுவிடும். தண்ணீர் பெரும்பாலும் போய்விடும். உள்ளே நடக்கிற வேலைகள் ஏறத்தாழ அணைந்துவிடும். அந்த நிலையில் மாதக்கணக்காக, சில வேளை வருடக்கணக்காகவும் கிடக்கும். தண்ணீர் பட்டால் ஒரு நாளுக்குள் அறைச் சுவர்கள் உடைந்து, மறுபடி ஒரே மண்டபம், மறுபடி ஓட்டம். உலகெங்கும் பள்ளிக்கூடங்களுக்கு இதைத் தபாலில் அனுப்புவதே வடிதாள் துண்டில் காயவைத்த பொருக்காகத்தான். துலூஸ் குழு 2019இல் காட்டியதுபடி, உப்புக்குப் பழகிய சளிப்பூஞ்சணத்தைக் காயவைத்து ஒரு மாதம் கழித்து எழுப்பினால், பழக்கமும் கூடவே எழும்பி வந்தது. பழகும்போது அது உப்பைத் தன் உடம்புக்குள் எடுத்து வைத்திருந்தது. வெறுத்த பொருளே நினைவாக உள்ளே தங்கிவிட்டது என்பது அவர்கள் விளக்கம்.

காய்வதும் பட்டினியும் ஒன்றல்ல. சாப்பாடு முடிந்து, வெளிச்சமும் பட்டால் பொருக்காகாமல் வித்திக்காய் போடும். அதோடு அந்த உடம்பு முடிந்தது. வித்திகள் காற்றில் போய், ஈரத்தில் முளைத்து, ஒற்றை அமீபாக்களாகி, பொருத்தமான துணையோடு சேர்ந்து புதிய மஞ்சள் ஆரம்பிக்கும். பாரிஸ் விலங்குக்காட்சிச்சாலை 2019இல் இதைக் காட்சிக்கு வைத்தபோது "720 பாலினம் உள்ள உயிர்" என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. பொருத்தம் பார்க்கிற மரபணுக்கள் மூன்று இடத்தில் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் பல வகை என்பதைக் கொஞ்சம் உப்புப் புளி போட்டுச் சொன்ன கணக்கு அது.

ஒப்பொசம் கிடப்பது வேறு கிடை. நாயோ நரியோ நெருங்கினால் அது முதலில் ஓடப் பார்க்கும். பிறகு வாயைப் பிளந்து சீறும். அதற்கு 50 பல், வட அமெரிக்கத் தரை முலையூட்டிகளில் வேறெதற்கும் அவ்வளவு இல்லை. பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். அதுவும் பலிக்காமல் நாயின் வாயில் அகப்பட்டால் உடம்பு தளர்ந்து விழும். வாய் திறக்கும், எச்சில் வடியும், பின்பக்கத்தால் பச்சை நிறத்தில் துர்நாற்றத் திரவம் வரும். கடித்து உதறினாலும் அசையாது. இதயத் துடிப்பு கிட்டத்தட்டப் பாதியாகிவிடும், மூச்சும் குறையும். சில நிமிடம் கிடக்கலாம், சில மணி நேரமும் கிடக்கலாம். ஆங்கிலம் பேசுகிறவர்கள் பாசாங்கு செய்வதற்கு இந்த விலங்கின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. பாசாங்கு என்றால் நினைத்துச் செய்ய வேண்டும். ஒப்பொசம் நினைத்துச் செய்வதில்லை. பயம் ஓர் எல்லையைத் தாண்டினால் நரம்பு மண்டலம் தானாகவே அந்த ஆளியை அமுக்கிவிடுகிறது. குட்டிகளுக்குச் சின்ன வயதில் இது சரியாக வராது, வளரத்தான் வரும்.

அப்படியென்றால் மயக்கமா? அதுவும் இல்லை. 1964இல் வெளியான ஓர் ஆய்வில், கிடக்கிற ஒப்பொசத்தின் மூளை மின்னலைகளைப் பதிந்து பார்த்தார்கள். உறக்கத்தின் அலையும் இல்லை, மயக்கத்தின் அலையும் இல்லை. விழிப்பாக இருக்கிற ஒப்பொசத்தின் அலையே வந்தது. ஸ்காபுரோ முற்றத்தில் மருமகள் வீடியோ எடுத்துக்கொண்டு நின்ற நேரம் முழுக்க அந்த விலங்கு உள்ளே விழித்திருந்து, நாய்ச் சத்தம் எப்போது நிற்கும் என்று கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தலைகீழாக இருக்கிறது. ஒப்பொசம் பார்வைக்கு முழுப் பிணம், உள்ளே முழு விழிப்பு. எங்கள் கட்டையில் கிடந்த பொருக்கு பார்வைக்கு வெறும் அழுக்கு, உள்ளேயும் ஏறத்தாழ எல்லாம் நின்றுதான் போயிருந்தது. ஒன்று இன்னோர் உயிருக்குக் காட்டுவதற்காகக் கிடக்கிறது. பார்க்க ஆளில்லாவிட்டால் அந்தக் கிடைக்கு வேலையே இல்லை. மற்றது யாருக்கும் காட்டுவதற்காகக் கிடக்கவில்லை. அதன் எதிரி வெயில், வெயிலுக்குக் கண் இல்லை. பங்குனியிலிருந்து புரட்டாதி வரை எங்கள் பக்கம் மழை குறைவு; மாரி வரும்வரை காத்திருக்க வேண்டும் என்றால் விழித்திருந்து கட்டுப்படியாகாது. நாய் போகும்வரை காத்திருக்க அணைந்து கிடந்தால் நாய் போனது தெரியாது. எதற்காகக் காத்திருக்கிறது என்பதுதான் எப்படிக் கிடக்கிறது என்பதைத் தீர்மானித்திருக்கிறது. மூளை இருக்கிறதா இல்லையா என்பது அதற்குப் பிறகு வருகிற கேள்வி.

காலக் கணக்கிலும் இரண்டும் எதிரெதிர். ஒப்பொசத்தின் வாழ்க்கை முழுவதும் அவசரம். கர்ப்பம் 12, 13 நாள். பிறக்கிற குட்டி ஒரு தேனீயளவு, எடை 0.13 கிராம் அளவில், ஐந்தாறு நெல்மணியின் பாரம். கண் இல்லை, பின்னங்கால் வெறும் மொட்டு. முன்னங்காலால் மட்டும் தாயின் மயிரைப் பிடித்து ஏறிப் பைக்குள் போக வேண்டும். அங்கே முலைக்காம்பு வழக்கமாக 13. பிறப்பதோ இருபதுக்கு மேலும் இருக்கும். காம்பு கிடைக்காதவை அவ்வளவுதான். கிடைத்தவை காம்போடு ஒட்டியபடி இரண்டு மாதம் போல இருந்து, பிறகு தாயின் முதுகில் ஏறித் திரியும். ஒரு வருடத்துக்குள் அவையே தாயாகும். இரண்டு வயதைத் தாண்டுவது காட்டில் அபூர்வம். வேட்டையாடப்படாமல் தப்பினால்கூட இரண்டாம் வருடத்தில் கண் மங்கி, தசை தளர்ந்து கிழடாகிவிடும். ஸ்ரீவன் ஒஸ்ராட் என்ற ஆய்வாளர் ஜோர்ஜியாக் கரைக்கு அப்பால் சப்பெலோ என்ற தீவில் பார்த்து 1993இல் வெளியிட்டது இங்கே முக்கியம். பெரிய கொன்றுண்ணிகள் இல்லாத அந்தத் தீவில் ஆயிரக்கணக்கான வருடம் தனித்திருந்த ஒப்பொசங்கள் தரையிலுள்ள சொந்தங்களைவிட மெதுவாக மூப்படைந்தன. நாளைக்கு நரி பிடிக்கும் என்று இருந்தால் நெடுநாள் உழைக்கிற உடம்பு கட்டுவதில் இலாபமில்லை. நரி இல்லாத இடத்தில் இலாபமுண்டு. பொருக்காகிக் காலத்தையே நிறுத்தி வைக்கிற உயிருக்கு இந்தக் கணக்கு அந்நியம்.

ஒப்பொசத்தைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு, அது எங்கள் வயல்காரருக்கு நேரே சம்பந்தப்பட்டது. அமெரிக்காவின் கிலுகிலுப்பைப் பாம்பு கடித்தாலும் இது பெரும்பாலும் சாவதில்லை. இரத்தத்தில் நஞ்சைப் பிடித்து முடக்குகிற புரதங்கள் இருக்கின்றன. அதிலிருந்து பெற்ற ஒரு சின்னப் புரதத் துண்டைப் பற்றீரியாவில் உற்பத்தி செய்து எலிகளில் சோதித்த முடிவை, கலிபோர்னியாவில் ஒரு குழு 2015இல் அறிவித்தது. கிலுகிலுப்பைப் பாம்பின் நஞ்சோடு புடையன் நஞ்சுக்கும் அது ஈடுகொடுத்தது. அறுவடைக் காலத்தில் வரம்பில் புடையன் மிதித்தவர்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடிய ஊர்களில் இருக்கிறோம். மருந்து இந்தியாவிலிருந்து வர வேண்டியிருக்கிறது. எலியில் சரிவந்தது மனிதருக்கு மருந்தாக இன்னும் தூரம் இருக்கிறது, அதனால் துள்ளத் தேவையில்லை. ஒரு கிழமையில் ஆயிரக்கணக்கான உண்ணிகளைத் தின்கிறது என்று பரவுகிற பெருமையை மட்டும் நம்பாதீர்கள். காட்டு ஒப்பொசங்களின் இரைப்பையைத் திறந்து பார்த்த 2021ஆம் ஆண்டு ஆய்வில் ஓர் உண்ணியும் இருக்கவில்லை.

மருமகனுக்குக் குழுவில் இவ்வளவையும் எழுத முடியவில்லை. "இரண்டும் புத்திதான், வேறு வேறு இடத்தில் வைத்திருக்கின்றன" என்று போட்டேன். அவனுக்கு அது காணாது. எது வெல்லும் என்று திரும்பக் கேட்டான். மறுகா சொல்கிறேன் என்று விட்டுவிட்டேன்.

ஆடி மாதம், வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், அலுமாரியிலிருந்த கடித உறையை எடுத்தேன். பொருக்கு மிளகாய் விதையின் நிறத்தில், நகத்தளவு. ஒரு பீங்கானில் கடதாசித் துவாயை நனைத்து விரித்து, நடுவே வைத்து, பக்கத்தில் நாலைந்து ஓட்ஸ் போட்டு, சட்டியால் மூடினேன். தண்ணீர் கிணற்றுத் தண்ணீர்தான். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் இதற்கு ஆகாதோ என்ற பயம். காலையில் மாமி தேத்தண்ணியோடு வந்து நிற்க, சட்டியைத் தூக்கினேன். ஓரத்தில் மெல்லிய மஞ்சள் விசிறி ஒன்று விரிந்து, ஆகக் கிட்ட இருந்த ஓட்ஸைத் தொட்டிருந்தது.

மாமி குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப அண்டைக்கு அது சாகல்லையா தம்பி?"

"இல்ல மாமி."

"நான் கூட்டி எறிஞ்சனே, அது?"

எங்கே எறிந்தீர்கள் என்று கேட்டேன். வாழையடியில் என்றார். வாழையடிக்குத்தான் எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவின தண்ணீர் தினமும் போகிறது.